'கல்யாணம் ஆச்சா?' என்ற கேள்வியை மாற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் இணைப்பிதழில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், குறை சொல்ல வரவில்லை. ஆனால் நடுவில் கட்டம் கட்டி, தடித்த எழுத்தில், முப்பது வயதைத் தாண்டிய திருமணமான பெண்கள் எல்லோரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று போட்டிருந்தீர்கள். அந்தத் 'திருமணமான' என்ற இடத்தில்தான் எனக்குச் சோற்றில் கல் கடித்தது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், இடமில்லை என்றால் வெட்டிப் போடுங்கள், பரவாயில்லை.

எனக்கு 46 வயது. காவிரிக்கரை ஊர் ஒன்றில் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். பதினைந்து வருஷமாக இன்னொரு பெண்ணோடு ஒரே வீட்டில், ஒரே உலையில் வாழ்கிறேன். அவள் தையல் கடை வைத்திருக்கிறாள். தெருவில் பாதிப் பேர் எங்களை அக்கா தங்கை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், மீதிப் பேர் என்ன நினைக்கிறார்களோ அதை எங்களிடம் சொல்வதில்லை, பொங்கலுக்குக் கரும்பும் ரம்ஜானுக்குப் பிரியாணியும் முறையாக வந்துவிடுகிறது. ஆக, வாழ்க்கை நன்றாகத்தான் ஓடுகிறது. ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கும் வரைக்கும்.

மூன்று வருஷத்துக்கு முன் அவளுக்கு மாதவிலக்கு நிற்காமல் போக ஆரம்பித்தது. பதினெட்டு நாள், இருபது நாள். தையல் மிஷின் முன்னால் உட்கார முடியவில்லை, முகம் வெளுத்துப்போய், நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். டோக்கன் நம்பர் 37. உள்ளே போனதும் டாக்டரம்மா நிமிர்ந்து பார்க்காமலே கேட்ட முதல் கேள்வி, "கல்யாணம் ஆச்சா?" அவள் "இல்லை" என்றாள். அவ்வளவுதான், அந்த ஒரு பதிலோடு பாதி மருத்துவம் முடிந்துபோனது. உள்பக்கம் பார்க்கும் ஸ்கேன் வேண்டாம், வயிற்றின் மேலேயே பார்த்துக்கொள்ளலாம், போய் ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் சோதனை என்ற பேச்சே வரவில்லை. மேலோட்டமான அந்த ஸ்கேனில் கட்டி ஒன்று இருக்கிற மாதிரி இருக்கிறது, ஆனால் சரியாகத் தெரியவில்லை என்று எழுதி, ஹார்மோன் மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். எட்டு மாதம் அந்த மாத்திரையிலேயே போனது.

இந்தக் கேள்விக்கு நம் ஊரில் என்ன அர்த்தம் என்று பெண்களுக்குத் தெரியும். 'உடலுறவு உண்டா' என்று கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, அதற்கு மரியாதையான மாற்றாக 'கல்யாணம் ஆச்சா' என்று கேட்கிறார்கள். தாலி இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. துபாய்க்குப் போய் மூன்று வருஷமாக ஊருக்கு வராத புருஷனை வைத்திருப்பவளும் 'உண்டு' கணக்கில்தான் வருவாள். எங்களைப் போன்றவர்கள் எந்தக் கணக்கிலும் வரமாட்டோம்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அவளுக்கு இருபத்து மூன்று வயதில் வீட்டில் பிடிவாதமாகக் கல்யாணம் செய்துவைத்தார்கள். இரண்டு வருஷத்தில் அது கோர்ட் வரை போய் முடிந்தது. அதனால் 'கல்யாணம் ஆச்சா' என்றால் உண்மையான பதில் 'ஆச்சு, முடிஞ்சும் போச்சு' என்பதுதான். அதைச் சொன்னால் அடுத்து 'ஏன்' வரும், 'குழந்தை இல்லையா' வரும், 'வேற பார்க்கலையா, தனியாவா இருக்கீங்க' வரும். வெளியே கதவு திறந்தபடி, அடுத்த டோக்கன்காரர் கையில் ஃபைலோடு வாசலிலேயே நிற்கும்போது இவ்வளவுக்கும் யார் பதில் சொல்லிக்கொண்டிருப்பது? அதனால் அவள் 'இல்லை' என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்வாள். பெண்ணை நேசிக்கும் பெண்களில் இப்படி ஒரு கல்யாணத்துக்குள் தள்ளப்பட்டு வெளியே வந்தவர்களை எனக்கே நாலைந்து பேரைத் தெரியும். அவர்களும் ஆஸ்பத்திரியில் இதே 'இல்லை'யைத்தான் சொல்கிறார்கள்.

இதில் மருத்துவ ரீதியாக என்ன தப்பு என்று கேட்கலாம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் காரணம் எச்பிவி என்ற வைரஸ். உங்கள் கட்டுரையிலும் இருந்தது. அது தோலும் தோலும் உரசுவதிலேயே தொற்றக்கூடியது, பெண்ணிடமிருந்து பெண்ணுக்கும் வரும். அதுபோக, இருபது வருஷத்துக்கு முன் முடிந்துபோன ஒரு கல்யாணத்தில் வந்த தொற்று உடம்புக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கலாம், புற்றாக மாற அதற்கு வருஷக்கணக்கில் ஆகும், அதனால்தான் முன்கூட்டியே பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு இந்தச் சோதனை இலவசம். பஞ்சில் அசிட்டிக் அமிலம் தொட்டுத் தடவிப் பார்க்கும் எளிய சோதனை, ஐந்து நிமிஷம்கூட ஆகாது. தாலி இருக்கிறதா என்று அந்த அமிலம் பார்ப்பதில்லை.

பெண்ணே தன் மாதிரியைத் தானே எடுத்துக் கொடுக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் சில வருஷங்களாகப் பரிந்துரைக்கிறது. பரிசோதனை மேஜையில் படுக்கக் கூசும் பெண்களுக்கு அது பெரிய வரம், அடுத்த முறை அதைப் பற்றி உங்கள் மருத்துவப் பக்கத்தில் விரிவாக எழுதுங்கள். பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழும் திருநம்பிகளுக்கும் அது உதவும். மீசையோடு மகப்பேறு ஓபியில் போய் வரிசையில் நிற்பது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். எட்டு மாதம் கழித்து ஒருநாள் கடையிலேயே மயங்கி விழுந்தாள். ஹீமோகுளோபின் 6.2, ரொம்பக் குறைவு. இன்னொரு பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே டியூட்டியில் இருந்தது சின்ன வயசு டாக்டர். முப்பதுகூட இருக்காது. படுக்கையைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டுக் குனிந்து கேட்டாள்: "அக்கா, உங்க வாழ்க்கையில துணைன்னு யாராவது இருக்காங்களா? ஆணோ பெண்ணோ யாரா இருந்தாலும் சொல்லலாம், சிகிச்சைக்காகத்தான் கேக்குறேன்." பத்து வினாடி ஆகியிருக்கும் அந்தக் கேள்விக்கு. இவள் என்னைப் பார்த்தாள். அப்புறம், அத்தனை வருஷத்தில் முதல்முறையாக ஒரு மருத்துவரிடம், கையை நீட்டி "இவங்கதான்" என்றாள். அந்தப் பெண் "சரி" என்று எழுதிக்கொண்டாள். புருவம்கூட உயரவில்லை. அன்றைக்கே உள்ஸ்கேன், அன்றைக்கே பாப் ஸ்மியர். புற்று எதுவும் இல்லை, நல்லவேளை. ஆனால் கட்டிகள் மூன்று, பெரியது ஒரு சாத்துக்குடி அளவு. கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும் என்றார்கள்.

அங்கேதான் அடுத்த பூதம். கையெழுத்து.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு ஊழியர் ஃபாரத்தோடு வந்தார். நோயாளி கையெழுத்து, அதற்குக் கீழே உறவினர் கையெழுத்து, அதன் பக்கத்தில் 'உறவுமுறை' என்று ஒரு சின்னக் கட்டம். நான் பேனாவை எடுத்தேன். "நீங்க யாரு?" கூட இருப்பவர். "அக்காவா?" இல்லை. "அப்போ புருஷன், அப்பா, அண்ணன், தம்பி, ரத்த சொந்தம் யாராவது வரச் சொல்லுங்க, இல்லைன்னா தியேட்டர்ல ஏத்த மாட்டாங்க." அவளுடைய அப்பா அம்மா இல்லை. அண்ணன் இருக்கிறார், ராமநாதபுரம் பக்கம், ஒன்பது வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. அவரைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. மூன்று முறை போனை எடுக்கவில்லை, நாலாவது முறை அண்ணி எடுத்தார்கள். மறுநாள் மத்தியானம் வந்தார். தங்கச்சியை எட்ட நின்று பார்த்தார், என்ன ஆபரேஷன் என்றுகூடக் கேட்காமல் நீட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார், டீ குடித்தார், கிளம்பிவிட்டார். போகவர பஸ் காசு 640 ரூபாய் நான்தான் கொடுத்தேன். அதற்குள் காலையில் இருந்த தியேட்டர் நேரம் போய்விட்டது, ஆபரேஷன் இரண்டு நாள் தள்ளிப்போனது. எட்டு மாதமாக ரத்தப்போக்கைத் துணியில் கணக்குப் பார்த்து நோட்டில் குறித்து வைத்த எனக்கு ஒரு கையெழுத்துப் போட உரிமை இல்லை, அந்த நோட்டைத்தான் டாக்டர் வாங்கிப் பார்த்து சிகிச்சையை முடிவு செய்தார் என்பது வேறு விஷயம்.

பிறகு ஒரு வக்கீலிடம் விசாரித்தேன். சுயநினைவுள்ள, வயதுவந்த ஒருவரின் ஆபரேஷனுக்கு அவருடைய சம்மதம்தான் சம்மதம் என்றார். 2008-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் சமீரா கோலி வழக்கில் இதைச் சொல்லியிருக்கிறதாம். டெல்லிக்காரர், திருமணமாகாதவர், 44 வயது. வயிற்றில் சின்னத் துளையிட்டுக் கருவியால் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி சோதனைக்காக மயக்க மருந்து கொடுத்தபோது, வெளியே இருந்த அவர் அம்மாவிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள். பெற்ற தாயே ஆனாலும் அந்தச் சம்மதம் செல்லாது என்று தீர்ப்பு. மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நெறிமுறையிலும் கணவன், மனைவி, பெற்றோர் என்று வரிசையாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் 'அல்லது நோயாளியே' என்று இருக்கிறது. அந்தக் கடைசி வார்த்தைகளைத்தான் ஃபாரம் அச்சடிப்பவர்கள் படிப்பதில்லை போல.

டாக்டர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் எங்கிருந்தோ பத்துப் பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து கண்ணாடியை உடைக்கிறார்கள். ஒரு ரத்த சொந்தத்தின் கையெழுத்து அவர்களுக்குக் கவசம். புரிகிறது. ஆனால் அந்தக் கவசத்துக்காக ஒன்பது வருஷம் பேசாத அண்ணனைத் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கிறதே, அதைத்தான் சொல்கிறேன்.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. பெண்கள் வார்டில் ராத்திரி ஆண்களுக்கு அனுமதி இல்லை. ஒன்பது மணிக்கு மணி அடித்துப் புருஷன்மார்களை எல்லாம் வெளியே அனுப்பிவிடுவார்கள். அவர்கள் வேப்பமரத்தடியில் கொசுவர்த்தி ஏற்றி வைத்துக்கொண்டு, துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள். நான் உள்ளே, அவள் கட்டிலுக்குப் பக்கத்தில், இரும்பு ஸ்டூலில். இத்தனை வருஷத்தில் பெண்ணாய் இருந்ததால் எனக்கு ஆஸ்பத்திரி கொடுத்த ஒரே சலுகை அதுதான். நைட் டியூட்டி சிஸ்டர் ஒருத்தர், பேர் சொல்லமாட்டேன், இரண்டாம் நாள் ராத்திரி ஒரு தலையணையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டுவிட்டு எதுவும் கேட்காமல் போனார்.

சட்டம் எதுவுமே மாறவில்லையா என்றால், மாறியிருக்கிறது. 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், ஒரே பாலினத்தவர் உறவைக் குற்றமாக்கி வைத்திருந்த 377-ஆவது பிரிவின் பல்லைப் பிடுங்கியது. அன்றைக்கு நாங்கள் கேசரி செய்தோம். 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், வீட்டை விட்டு வந்த இரண்டு பெண்களின் வழக்கில், எனக்கே இதைப் பற்றிச் சரியாகத் தெரியவில்லை என்று ஒத்துக்கொண்டு, ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதினார். நாற்காலியில் இருக்கும் ஒருவர் தெரியாது என்று சொல்வதை அன்றைக்குத்தான் பார்த்தேன். பாலியல் ஈர்ப்பை 'மாற்றுகிறேன்' என்று சிகிச்சை செய்வது கூடாது என்று அதில் சொன்னார், அடுத்த வருஷம் தேசிய மருத்துவ ஆணையம் அதை மருத்துவர்களின் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. ஆனாலும் 2024 ஆகஸ்ட் கடைசியில் அதே ஆணையம் வெளியிட்ட பாடத்திட்டத்தில், தடய மருத்துவத்தில், பெண்ணும் பெண்ணும் உறவு கொள்வது 'இயற்கைக்கு மாறான குற்றம்' என்ற தலைப்பில் மறுபடி வந்து உட்கார்ந்திருந்தது. சத்தம் எழுந்ததும் ஒரு வாரத்துக்குள் திரும்பப் பெற்றார்கள். சரி, பெற்றார்கள். ஆனால் பல வருஷம் அதைப் படித்துத் தேர்வெழுதி வந்தவர்கள்தானே இன்று எல்லா ஊரிலும் ஓபியில் உட்கார்ந்திருக்கிறார்கள்? அவர்களுக்கு யார் மறுபாடம் எடுப்பது?

நான் சும்மா சொல்லவில்லை. எங்கள் கடையில் வேலை பார்த்த இருபது வயதுப் பெண் ஒருத்தியை, ஒரு தோழியோடு பேசிய வாட்சப்பைப் பார்த்துவிட்டு, வீட்டில் மனநல மருத்துவர் ஒருவரிடம் கூட்டிப்போனார்கள். தூக்க மாத்திரை, கூடவே 'ஒரு கல்யாணம் பண்ணி வைங்க, சரியாயிடும்' என்ற ஆலோசனை. அங்கே சரியாகவில்லை என்றதும் ஒரு கோயிலில் வேப்பிலை அடித்தார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் பாலியல் ஈர்ப்பைக் காரணம் காட்டிப் பாகுபாடு கூடாது என்று எழுத்தில் இருக்கிறது. 1990-லேயே உலக சுகாதார நிறுவனம் ஒரே பாலின ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது, அந்தப் பெண் அப்போது பிறக்கக்கூட இல்லை. இப்போது அவளுக்குக் காய்ச்சல் வந்தாலும் டாக்டரிடம் போகமாட்டேன் என்கிறாள். 2025 மே மாதம் வேலூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தியின் ஆட்கொணர்வு மனுவில் உயர் நீதிமன்றம், கல்யாணம் மட்டும்தான் குடும்பத்துக்கு வழி என்பதில்லை, தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்று சொன்னதைப் படித்தபோது இவளைத்தான் நினைத்துக்கொண்டேன். அந்த வழக்கிலும் வீட்டார் அடித்து, 'சரி' ஆக்குவதற்குச் சடங்கு செய்தார்கள் என்றுதான் அந்தப் பெண் சொல்லியிருந்தாள்.

ஒரே பாலினத்தவருக்கான திருமண உரிமை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் கிடைக்கவில்லை, அது தெரிந்ததுதான். அதன்பிறகு மத்திய அரசு ஒரு குழு போட்டது. 2024 ஆகஸ்டில் சுகாதார அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் எழுதியது. அதில் ஒரு விஷயம்: நெருங்கிய உறவினர் இல்லாதபோது, துணையாக இருந்தவர் இறந்தவரின் உடலைப் பெற்றுக்கொள்ளலாம். நல்லது, நன்றி. ஆனால் யோசித்துப் பாருங்கள், அவள் செத்தால் நான் உடலை வாங்கலாம், அதுவும் அண்ணன் வராவிட்டால். உயிரோடு ஆபரேஷன் மேஜைக்குப் போகும்போது கையெழுத்துப் போட முடியாது. இதைச் சொன்னபோது அவள் சிரித்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காப்பீட்டு அட்டையும் அப்படித்தான். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் குடும்ப அட்டையை வைத்துத்தான் ஓடுகிறது. அவள் பெயர் இன்னமும் அண்ணன் வீட்டு ரேஷன் கார்டில் இருக்கிறது. எனக்குத் தனிக் கார்டு. சேர்ந்து வாழும் துணைகளை ரேஷன் கார்டில் ஒரே குடும்பமாக எடுத்துக்கொள்ளச் சொல்லி அதே 2024-இல் மத்திய உணவுத் துறையும் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. தாலுகா ஆபீசில் போய் அதைச் சொல்லி நிற்கும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை, அங்கே என் சித்தப்பா மகன் வேலை பார்க்கிறான்.

திருநங்கைகளுக்கு நம் மாநிலம் 2008-லேயே நல வாரியம் வைத்தது. அது அவர்கள் போராடி வாங்கியது, அதில் எனக்குப் பெருமைதான். எங்களுக்கு அப்படி ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை. மனநலச் சட்டத்தில் ஒரு அருமையான ஏற்பாடு இருக்கிறது. வயதுவந்த யாரும் தனக்காக முடிவெடுக்க இன்னொருவரை நியமிக்கலாம், சொந்தமாக இருக்க வேண்டியதில்லை, ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைரேகையோ வைத்தால் போதும். மனதுக்கு நோய் வந்தால் நான் அவளுக்கு ஆள். கர்ப்பப்பைக்கு நோய் வந்தால் நான் யாரோ. அந்த வெள்ளைத்தாளை எல்லா வார்டுக்கும் செல்லும்படி ஆக்க ஒரு அரசாணை போதாதா? உயிர் காக்கும் கருவிகளை எடுப்பதா வேண்டாமா என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் ஏற்பாட்டை 2023-இல் உச்ச நீதிமன்றம் எளிதாக்கியதே, அதை நாங்கள் இரண்டு பேரும் இரண்டு சாட்சியோடு நோட்டரியிடம் போய் எழுதிவிட்டோம். ஆனால் அது கடைசி மூச்சுக்கு. நடுவில் வரும் கட்டிக்கும் காய்ச்சலுக்கும் உதவாது.

அப்புறம் அந்தக் கேள்வி. அந்தச் சின்னப் பெண் கேட்ட மாதிரி, திரையை இழுத்துவிட்டு, துணை யாராவது உண்டா, ஆணா பெண்ணா என்று கேட்க நர்ஸிங் பள்ளியிலும் மருத்துவக் கல்லூரியிலும் சொல்லிக்கொடுங்கள் என்று உங்கள் பத்திரிகையிலாவது எழுதுங்கள். இது எங்களுக்கு மட்டும் உதவுவதில்லை. கணவனை இழந்தவர்கள், பிரிந்தவர்கள், கல்யாணமே வேண்டாம் என்று இருப்பவர்கள் என எத்தனை பேர் அந்த 'ஆச்சா'வில் பொய் சொல்லிவிட்டு எழுந்து வருகிறார்கள் என்று எந்த டாக்டருக்கும் தெரியாது. அடுத்த முறை கட்டம் கட்டும்போது 'திருமணமான'வை எடுத்துவிட்டு 'முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள்' என்று போடுங்கள். இடமும் மிச்சம்.

அவள் இப்போது நன்றாக இருக்கிறாள், மிஷினில் உட்கார்கிறாள், தீபாவளி ஆர்டர் ஏற்கெனவே வந்துவிட்டது. வருஷாந்திர செக்கப் அடுத்த வாரம். ஃபாரத்தில் அந்த 'உறவுமுறை' கட்டத்தில் இந்த முறை என்ன எழுதுவது என்று நேற்று ராத்திரி பேசிக்கொண்டிருந்தோம். அக்கா என்று எழுதினால் பொய், தோழி என்று எழுதினால் செல்லாது. வார்டு ஆயா தினமும் அவளிடம் "வீட்டுக்காரர் வரலையா?" என்று கேட்டது அவளுக்கு நினைவு வந்திருக்கிறது.

"வீட்டுக்காரங்கன்னு எழுது. வாடகை நீதானே கட்டுறே" என்றாள்.

இப்படிக்கு,
பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் வாசகி